ஆறு வருடம் ட்ராவலர் ஆடிய பிறகு: அறிவியல் எவ்வளவு வேண்டும்?

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆறு வருடமாக ஞாயிறுதோறும் ட்ராவலர் ஆடுகிறோம். 1977-இல் முதல் பதிப்பு வந்த விண்வெளிக் கதாபாத்திர விளையாட்டு: ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள், கதையை நடத்துவது நான். எங்களிடம் இருப்பது மங்கூஸ் நிறுவனத்தின் பதிப்பு. பெரும்பாலும் இரண்டு பகடை போதும். அப்பத்தா இன்றும் "தாயம் விழுந்துச்சாய்யா?" என்றுதான் கேட்கிறார்.

எங்களில் ஒருவர் இயற்பியல் வாத்தியார். செவ்வாய் 7.5 கோடி கிலோமீட்டரில் இருந்தால், பாதி வழி ஒரு ஜி (பூமியின் ஈர்ப்பு அளவு) முடுக்கம், மீதி வழி அதே அளவு பிரேக் என்று போட்டு, இரண்டே நாளில் போய்விடலாம் என்று காட்டினார். மங்கள்யான் 2013 நவம்பரில் கிளம்பி 2014 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தது. "பின்னால எதையும் தள்ளாம இந்த விளையாட்டு எஞ்சின் கப்பலை எப்படி முன்னால கொண்டுபோகும்?" என்று அடுத்து கேட்டார். இரண்டு ஞாயிறு அதிலேயே போனது. தீர்ந்தது ஜிகர்தண்டா மட்டும்தான்.

கடுப்பில் கணக்கையெல்லாம் தூக்கிப் போட்டேன். அது இன்னும் மோசம். ஆபத்து வந்தால் "வேற நட்சத்திரத்துக்குத் தாவிருவோம்" என்பார்கள், அவ்வளவுதான். ஆட்கள் வருவதே குறைந்துவிட்டது.

சரி என்று புத்தகத்துக்கே திரும்பினோம். அதில் பெரிய பொய், ஜம்ப்: ஒளியை முந்தி வேறு நட்சத்திரத்துக்குத் தாவுவது. ஆனால் பொய்க்கு விலை வைத்திருக்கிறார்கள். ஒரு பார்செக் (3.26 ஒளியாண்டு) தாவினாலும் இரண்டு தாவினாலும் சுமார் ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு பார்செக்குக்கும் கப்பல் கொள்ளளவில் 10 சதவீதம் ஹைட்ரஜன் எரிபொருள் காலி. ஒளியை முந்தும் வானொலி கிடையாது. செய்தியும் கப்பலில்தான் வர வேண்டும்.

போன வருடம் ஆட்டத்தில் கப்பல் கடனுக்குத் தவணை கட்டாமல் ஓடினோம். ஜவுளிக்கடை நண்பர் துள்ளினார்: "மாப்ள, நம்ம கெட்ட பேரு நமக்குப் பின்னாலதான வரும்!" இரண்டு துறைமுகம் அப்படியே தப்பினோம். மூன்றாவதில் காவலர்கள் காத்திருந்தார்கள். எங்களுடையது வாரத்துக்கு ஒரு பார்செக் தாவும் கப்பல். தபால் கப்பல் இரண்டு தாவும். வில்லன் என்று யாரையும் நான் எழுதி வைக்கவே இல்லை. இந்த மாதிரி மாட்டுவதற்கு எத்தனை பொய்யை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

வாத்தியார் சொன்ன ஒன்றை மட்டும் எங்கள் விதியாகச் சேர்த்தோம்: எஞ்சின் சூட்டை விண்வெளியில் மறைக்க முடியாது. அதனால் கொள்ளையர்கள் கோளுக்குப் பின்னால்தான் ஒளிய வேண்டும்.

எஞ்சின் கேள்வியை மாடிப்படி இறங்கும்போதுதான் கேட்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவரும் கடைசிப் படிவரை விடாமல் கேட்டுக்கொண்டேதான் போகிறார்.