பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலை: காலை வெயிலா, நீல விளக்கா?

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்றதும் பாட்டி காலை வெயிலில் காட்டச் சொல்வார். மருத்துவர் நீல விளக்கின் கீழ் வைக்கச் சொல்வார். இரண்டிலும் வேலை செய்வது ஒளிதான். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயில் பட்ட தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதைச் செவிலியர் ஜீன் வார்டு கவனித்தார். விளக்குச் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது.

ஒளியின் அளவு
வெயில்: மேகமும் நேரமும் மாற்றிவிடும், புற ஊதாக் கதிரும் கூடவே வரும்.
விளக்கு: 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி; கருவியால் அளக்கலாம். தோலிலுள்ள பிலிரூபினை, அதாவது மஞ்சள் நிறம் தரும் பொருளை, அது நீரில் கரையும் வடிவமாக மாற்றுகிறது. பிஞ்சுக் கல்லீரல் அதை மாற்றித் தர வேண்டிய வேலை இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

பாதுகாப்பு
வெயில்: துணியைக் களைந்தால் குளிரும், வெயில் ஏறினால் தோல் சுடும்.
விளக்கு: குழந்தையின் கண்ணை மறைத்து வைக்க வேண்டும், உடல் சூட்டைச் செவிலியர் பார்த்துக்கொள்வார். பாலூட்ட வெளியே எடுக்கலாம்.

செலவு
வெயில்: இல்லை.
விளக்கு: தனியாரில் நாளுக்கு நாள் ஏறும், அரசு மருத்துவமனையில் இலவசம்.

இரத்தப் பரிசோதனையில் பிலிரூபின் அளவு குறைவாக இருந்தால் அடிக்கடி தாய்ப்பாலும் மறுபரிசோதனையும் போதும். வெயிலைச் சிகிச்சையாகக் கணக்கில் சேர்க்காதீர்கள். அளவு வரம்பைத் தாண்டினால் விளக்குதான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ மருத்துவமனைக்குச் செல்ல விடியலுக்குக் காத்திருக்காதீர்கள். மிகையான பிலிரூபின் மூளையையும் செவியையும் நிரந்தரமாகப் பாதிக்கும்.