ஒரே காடு, இரண்டு சாவடிகள்: டாப்ஸ்லிப்பும் பறம்பிக்குளமும்

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சென்று சேத்துமடையில் மலையேறத் தொடங்கினால் முதலில் தமிழ்நாடு வனத்துறையின் சோதனைச் சாவடி வரும். டாப்ஸ்லிப்பைக் கடந்து மேலும் சில கிலோமீட்டர் போனால் ஆனப்பாடியில் கேரள வனத்துறையின் சாவடி குறுக்கிடும். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது என்றாலும், பாலக்காட்டிலிருந்து வருகிறவரும் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து இந்தச் சாலையைப் பிடித்துத்தான் அங்கே போக வேண்டும். கேரள எல்லைக்குள் இருக்கும் பறம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகளை இயக்கும் பொறுப்போ பறம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டிடம் இருக்கிறது.

ஒரு மாநிலம் தன் காட்டை எப்படி நடத்துகிறது என்பதை இன்னொரு மாநிலத்தோடு ஒப்பிட விரும்புகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. இருபுறமும் ஒரே தேக்கும் மூங்கிலும்தான் நிற்கின்றன. காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று வாழும் மக்களும் அவர்களே. பொருந்தும் சட்டமும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமே. வேறுபடுவது நிர்வாகம் மட்டுமே.

தொடக்க வரலாற்றில்கூட இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவில் நழுவவிட்ட இடம் என்பதால்தான் டாப்ஸ்லிப் அந்தப் பெயரைப் பெற்றது. அங்கே தேக்கை மீண்டும் வளர்த்தெடுத்த ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி, கைத்தடியால் மண்ணில் துளையிட்டு விதை போட்டபடியே நடப்பார் என்று இன்றும் சொல்வார்கள். அவருடைய கல்லறையும் அந்தத் தேக்குகளுக்கு நடுவிலேயே இருக்கிறது. பறம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்குக் கொண்டுசெல்ல, அன்றைய கொச்சி அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு டிராம் பாதையையே அமைத்தது. பிறகு இரண்டும் சரணாலயங்களாயின; ஆனைமலை 2007-இலும் பறம்பிக்குளம் 2010-இலும் புலிகள் காப்பகங்களாக அறிவிக்கப்பட்டன.

பிரிவு எங்கே தொடங்குகிறது என்று தேடினால் பறம்பிக்குளத்தை விட்டுத் தேக்கடிக்குப் போக வேண்டியிருக்கிறது. 1996-இல் உலக வங்கி உதவியோடு பெரியாறு புலிகள் காப்பகத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, காட்டைச் சார்ந்து பிழைத்த குடும்பங்களைக் குழுக்களாகத் திரட்டினார்கள். அவற்றில் மிகவும் பேசப்பட்டது, வயணப் பட்டையை, அதாவது காட்டு இலவங்கப் பட்டையை, உரித்துக் கடத்தி வந்த 23 பேரைக் கொண்டு 1998-இல் உருவான குழு. அவர்கள் மீதிருந்த வழக்குகளைக் கைவிட்டு, அவர்களையே காட்டு வழித்துணைவர்களாகவும் காவலர்களாகவும் மாற்றினார்கள். சுற்றுலாப் பயணிகளோடு காட்டில் நடந்து முகாமிடும் பயணத்தை அவர்கள் நடத்தினார்கள். அந்த நடையே ரோந்தாகவும் அமைந்தது. எந்தப் புதரில் எவன் பதுங்குவான் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? இதில் கவனிக்க வேண்டியது மனமாற்றக் கதையை விடக் கணக்கு வழக்குதான். பயணி கொடுக்கும் கட்டணம் அரசுக் கருவூலத்துக்குள் போய் மறைந்துவிடாமல், காப்பகத்தின் அறக்கட்டளை வழியாகவும் குழுவின் வழியாகவும் காட்டுக்கே திரும்ப வழி செய்யப்பட்டது. பெரியாறு அறக்கட்டளை 2004-இல் பிறந்தது. புலிகள் காப்பகம் ஒவ்வொன்றுக்கும் இத்தகைய அறக்கட்டளை வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது அதற்குப் பின்பு, 2006-இல்.

பறம்பிக்குளம் அந்த முறையை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனப்பாடியில் வண்டியில் ஏறும் வழிகாட்டி, கன்னிமாரா தேக்கின் அடியில் நின்று கதை சொல்பவர், கூடாரத்துக்குச் சோறு கொண்டு வருபவர் என்று எல்லோரும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களின் வழியாக வேலைக்கு வந்த உள்ளூர் மக்கள். பயணிகளின் எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் அது தங்கள் வீட்டு அடுப்பைத் தொடும் என்பதால், வீசியெறியப்பட்ட ஒரு நெகிழித் தாளைக்கூட அவர்கள் தங்கள் தொழிலுக்கு வந்த கேடாகவே பார்க்கிறார்கள்.

டாப்ஸ்லிப்பிலும் வண்டி ஓட்டுபவர், வழிகாட்டி, கோழிகமுத்தி முகாமின் யானைப் பாகர் என்று பலரும் பழங்குடியினரே, அறக்கட்டளையும் இருக்கிறது. ஆனால் துறைக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு, வேலை கொடுப்பவருக்கும் கூலி பெறுபவருக்கும் உள்ள உறவு. வேட்டைத் தடுப்புக் காவலர் என்ற பெயரில் காட்டின் மிகக் கடினமான வேலையைச் செய்பவர்கள் தற்காலிகத் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பது தமிழ்நாட்டில் பழைய செய்தி. இங்கே குழுக்களே இல்லை என்றும் சொல்ல முடியாது. களக்காடு-முண்டந்துறையில் 1990-களின் நடுவிலேயே உலக வங்கித் திட்டம் ஒன்று அடிவாரக் கிராமங்களில் குழுக்களை அமைத்தது. 1997-இல் தொடங்கிய தமிழ்நாடு காடுவளர்ப்புத் திட்டமும் ஏராளமான கிராம வனக் குழுக்களைக் கண்டது. ஆனால் அந்தக் குழுக்கள் விறகுக்கு மாற்றாகச் சாண எரிவாயுவும், கறவை மாட்டுக்குச் சிறுகடனும் தருவதற்காக அமைந்தவை. கேரளம் குழுவை நுழைவுச்சீட்டோடு கட்டியது, தமிழ்நாடு கடனோடு கட்டியது. திட்டத்தின் நிதி நின்றபோது எந்தக் கட்டு நிலைத்திருக்கும் என்று கேட்கத் தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு கேரள முறையின் குறையையும் சொல்லியாக வேண்டும். பயணி வந்தால்தான் வருமானம் என்றாகிவிட்டால், பயணிகளைக் குறைக்க வேண்டிய நாளில் குழு துறைக்கு எதிராக நிற்கும். அல்லது துறையே குழுவைக் காரணம் காட்டி இன்னொரு கூடாரம், இன்னொரு மரவீடு என்று விரித்துக்கொண்டே போகும். புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவை உச்ச நீதிமன்றம் 2012-இல் சில மாதங்கள் நிறுத்தி வைத்ததும், அதன்பின் வந்த தேசிய நெறிமுறைகள் மையப் பகுதியின் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்கு ஆகாது என்று வரம்பிட்டதும் இந்த ஆசையை அறிந்துதான். 2020-இல் பெருந்தொற்றுக்காகக் காடுகள் மூடப்பட்டபோது, நுழைவுச்சீட்டை நம்பிய குடும்பங்களின் நிலை மாதக் கூலி பெறுபவரின் நிலையை விடத் தள்ளாடியது. தேக்கடியிலேயே 2009 செப்டம்பர் 30 அன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததையும் மறக்கக் கூடாது: குழுக்கள் நடத்தும் நடைப்பயணமும் கழகம் நடத்தும் படகுச் சவாரியும் ஒரே ஏரிக்கரையில் இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு கைகளில் இருந்தன. ஆகவே கேரள முறை என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் புகழ்வது சரியாகாது. இருந்தும் காப்பகம் என்ற அளவில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பறம்பிக்குளத்தையே தேர்ந்தெடுப்பேன்.

சாலையோர இடங்களுக்கு வந்தால் படம் சற்றுக் கலங்குகிறது. இங்கேயும் ஒப்பிட ஒரே சாலை கிடைக்கிறது: ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்கு ஏறி, சோலையாறு, மளுக்கப்பாறை வழியாக வாழச்சாலுக்கும் அதிரப்பள்ளிக்கும் இறங்கும் சாலை. தமிழ்நாட்டுப் பகுதியில், இன்று கவியருவி என்று அழைக்கப்படும் குரங்கு அருவியில் வனத்துறை கட்டணம் வாங்குகிறது. வெள்ளம் வந்தால் மூடுகிறது, வடிந்தால் திறக்கிறது. அருவியைத் தவிர்த்த மற்ற இடங்களில், அதாவது வரையாடு வந்து நிற்கும் வளைவுகளிலும் சிங்கவால் குரங்குகள் சாலைக்கு இறங்கும் புதுத்தோட்டத்திலும், வண்டியை நிறுத்தி முறுக்கும் வாழைப்பழமும் நீட்டுபவரைத் தடுக்க எல்லா நேரமும் ஆள் இருப்பதில்லை. புதுத்தோட்டத்தில் குரங்குகள் சாலையைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டி, ஆட்களை நிறுத்திக் காவல் காத்ததில் தனியார் ஆய்வு அமைப்பு ஒன்றின் பங்கே பெரியது.

கேரளப் பகுதியில் வாழச்சாலும் மளுக்கப்பாறையும் சாலையின் இரண்டு முனைச் சாவடிகள். வண்டி எண்ணும் நுழைந்த நேரமும் குறிக்கப்படுவதால், நடுக்காட்டில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு ஆற அமர வெளியேறுபவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அதிரப்பள்ளி, வாழச்சால் இரண்டுக்கும் ஒரே சீட்டு. சீட்டுக் கொடுப்பதும் துப்புரவு செய்வதும் பாறையில் வழுக்காதபடி விசில் ஊதி எச்சரிப்பதும் வன சம்ரக்ஷண சமிதி எனப்படும் உள்ளூர்க் குழு. சரணாலயத்துக்குள் சூழல் மேம்பாட்டுக் குழு, வெளியே உள்ள காப்புக் காட்டில் சமிதி என்று கேரளம் பிரித்து வைத்திருக்கிறது. வாழச்சாலின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டத்தின்படி 2014-இல் சமூக வன உரிமை கிடைத்ததும் இங்கே சேர்த்து எண்ண வேண்டியது. அதிரப்பள்ளி நீர்மின் திட்டத்தை எதிர்த்தபோது அவர்களுடைய குரலுக்குச் சட்டத்தின் பலமும் இருந்தது. எல்லைக்கு இப்பால், கல்லாறு என்ற காடர் குடியிருப்பு 2019 மழையில் மண்சரிந்து வாழத் தகாததான பிறகு, அருகிலுள்ள தெப்பக்குளமேட்டில் குடியேற அந்த மக்கள் இரண்டாண்டுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

ஆனால் சாவடிக்கு வெளியே, சாலக்குடியிலிருந்து அதிரப்பள்ளி வரையிலான சாலையைப் பாருங்கள். நீர் விளையாட்டுப் பூங்காக்களும் விடுதிகளும் வரிசையாக நிற்கின்றன. சமிதியின் ஆட்சி சீட்டு கிழிக்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. இத்தகைய பரந்த வெளியைக் கட்டுப்படுத்தச் சிறு குழுவால் ஆகாது, அதற்கு மாநிலத்தின் ஆணை வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல எடுத்துக்காட்டுகள் உண்டு. உடைந்த மதுப்புட்டிகள் யானைக் கால்களைக் கிழிப்பதால், 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் புட்டி ஒன்றுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் பணம் தரும் ஏற்பாடு வந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடை 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: மூன்றுக்கும் சென்னை உயர் நீதிமன்றம் உந்த வேண்டியிருந்தது. திம்பத்துக்கான ஆணையை மாவட்ட ஆட்சியர் 2019-இலேயே பிறப்பித்திருந்தும், நீதிமன்றம் கேட்கும் வரை அது காகிதத்தில் உறங்கியது. வழக்குப் போட யாராவது இருக்கும் சாலைக்கு ஒழுங்கு கிடைக்கிறது, மற்றவை தம் பாட்டில் கிடக்கின்றன.

நடைப்பாதைகளில் மட்டும் என் தராசு தமிழ்நாட்டின் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குக் கொடுத்த விலை பெரிது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததில் 23 பேர் இறந்தனர். காய்ந்த புல் மண்டிய மார்ச் மாதத்தில் அத்தனை பேர் அங்கே எப்படிப் போனார்கள் என்ற கேள்விக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று மாநில விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வன அனுபவக் கழகம் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் எளிது, மிதம், கடினம் என்று பிரிக்கப்பட்டு, இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடும் நடக்கின்றன. டாப்ஸ்லிப்பிலிருந்து பண்டாரவாரைக்குச் செல்லும் பாதையும் குரங்கணியிலேயே ஒரு பாதையும் அவற்றில் உண்டு. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். எந்தப் பாதை யாருக்கு ஏற்றது, எப்போது போகலாம், யாரோடு போகலாம் என்று ஒரே இடத்தில் விடை கிடைப்பது கேரளத்தில் இல்லை. அங்கே ஒவ்வொரு வனக் கோட்டமும் தனித்தனிக் கதவு.

அகத்தியர்கூடம் இதற்கு நல்ல சான்று. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்துக்கு, போனக்காட்டிலிருந்து கேரள வனத்துறை ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதி கொடுக்கும்போது, நாளுக்கு இத்தனை பேர் என்ற சீட்டுகள் பதிவு திறந்த சற்று நேரத்தில் தீர்ந்துவிடும். 2018 இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே பெண்களும் ஏற முடிந்தது. ஆனாலும் அந்தக் கதவாவது இருக்கிறது. பொதிகை என்று தமிழ் இலக்கியம் போற்றிய அதே மலைக்குப் பாபநாசம் பக்கத்திலிருந்து ஏறும் பாதையைத் தமிழ்நாடு மூடிவிட்டதால், அகத்தியரைத் தேடும் தமிழர் திருவனந்தபுரம் போய்த்தான் ஏறுகிறார். முண்டந்துறையின் மழைக்காட்டுக்காக அந்தப் பாதை மூடியிருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே காப்பகத்துக்குள் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் போவதையும், வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் கோடையில் கட்டணமோ வழிகாட்டியோ இல்லாமல் இரவு பகலாக ஏறி, மூச்சுத்திணறி இறப்பவர் ஆண்டுதோறும் இருப்பதையும் பார்க்கும்போது, 40 பாதைகளின் ஒழுங்கு பக்தர் நடக்கும் பாதைகளுக்கு வரவில்லை என்பது உறுத்துகிறது.

இன்னொன்றும் உண்டு. வன அனுபவக் கழகத்தின் வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். பாதை மூடியிருக்கும் அந்த இரண்டு மாதம் அவர்களுக்கு மலையேற்ற வருமானம் இல்லை. தீத்தடுப்புக் கோடுகளை வெட்டவும் புகையைக் கண்டு ஓடவும் ஆனைமலைக்கு ஆட்கள் மிகவும் தேவைப்படுவதோ அதே இரண்டு மாதம்தான். பெரியாற்றில் நடையையும் ரோந்தையும் ஒரே குழுவிடம் ஒப்படைத்ததைப் போல, டாப்ஸ்லிப்பிலும் மலையேற்றக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கித் தீப்பருவக் கூலியாக அவர்களுக்கே கொடுக்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, கழகமும் காப்பக அறக்கட்டளையும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் போதும்.