பழைய ஆட்டோமேட்டிக் கார்: கியர்பாக்ஸை மாற்றுவதா, பழுதைத் தேடுவதா?

இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் கியர் மாறும்போது குதிக்கத் தொடங்கினால், உரிமையாளருக்குப் பெரும்பாலும் இரண்டு யோசனைகள் சொல்லப்படுகின்றன. சென்னைப் புதுப்பேட்டை போன்ற சந்தையில் உடைத்த வண்டியின் கியர்பாக்ஸை வாங்கி மாற்றிவிடுவது ஒன்று. இருக்கும் பெட்டியை இறக்காமலேயே பழுது எங்கே என்று படிப்படியாகத் தேடுவது மற்றொன்று. ஆல்டிஸ் என்ற மாடல் வருவதற்கு முந்தைய டொயோட்டா கொரோலாவின் நான்கு வேக ஆட்டோமேட்டிக்கில் நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மாற்றுவதில் உள்ள வசதி வெளிப்படையானது: வேலை விரைவில் முடியும், மெக்கானிக்குக்கும் தலைவலி குறைவு. ஆனால் சந்தையில் கிடைக்கும் பெட்டியில் முகர்ந்து பார்க்க எண்ணெய்கூட மிஞ்சியிருப்பதில்லை; அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்கு விற்பவரின் வாய்ச்சொல்தான் ஆதாரம். முழுமையாகப் பிரித்துக் கிளட்ச் தட்டுகளையும் சீல்களையும் மாற்றுவது மூன்றாவது வழி. அனுபவமுள்ள கைகளும் சுத்தமான பட்டறையும் அமைந்தால் நல்லது, அமைவது அரிது.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி: கோளாறு இயந்திரப் பகுதியிலா, மின்பகுதியிலா? இந்த வகைப் பெட்டியில் எந்தக் கியர் எப்போது விழ வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. அந்த உத்தரவை எண்ணெய் அழுத்தமாக மாற்றுபவை, எண்ணெய்ப் பாதைகள் கொண்ட வால்வ் பாடியில் அமர்ந்திருக்கும் சோலனாய்டுகள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் வால்வுகள். டொயோட்டாவின் பழுதுநீக்கக் கையேடு இதற்கென ஒரு சோதனையைச் சொல்கிறது. கியர்பாக்ஸுக்குச் செல்லும் மின் இணைப்பைக் கழற்றிவிட்டால் கணினிக்குப் பேச்சில்லை. அப்போது எல், 2, டி என லீவரின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டுமே விழும். அந்தக் கியர்கள் வழுக்காமல் பிடித்தால் கிளட்ச் தட்டுகள் பெரும்பாலும் நலமாக உள்ளன என்றும், தேட வேண்டியது வயரிங், சென்சார், சோலனாய்டு ஆகியவற்றில் என்றும் கொள்ளலாம். இங்கேயே தடுமாறினால் பழுது பெட்டிக்குள்தான். சோதனை முடிந்து இணைப்பை மாட்டியபின், பதிவான பிழைக்குறியீடுகளை ஸ்கேனரால் அழித்துவிட வேண்டும்.

என் வண்டியில் கியர்கள் ஒழுங்காகவே பிடித்தன. அடுத்து, எண்ணெய் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்எல்டி (SLT) சோலனாய்டின் மின்தடையை அளந்தோம். 20 டிகிரியில் 5 முதல் 5.6 ஓம் இருக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அது சரியாகவே இருந்தது, சூடேறியதும் சுற்று அறுந்தது. மின்சாரம் நின்றால் இந்த வகையில் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு மாற்றமும் முதுகில் அறைவது போல விழுந்ததற்குக் காரணம் அதுதான். பெட்டியின் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றியே சோலனாய்டை மாற்ற முடிந்தது. பெட்டி இறங்கவில்லை.

இதற்குச் செலவில்லாத துணைச் சோதனை ஒன்றும் உண்டு. எஞ்சின் சூடான பின், பிரேக்கை அழுத்தியபடி நியூட்ரலிலிருந்து டி-க்கு மாற்றினால் 1.2 நொடிக்குள்ளும், ரிவர்ஸுக்கு 1.5 நொடிக்குள்ளும் அந்தக் கியரின் பிடிப்பை உணர வேண்டும். இரண்டுமே தாமதமானால் அழுத்தக் குறைவையோ தேய்வையோ சந்தேகிக்கலாம். எண்ணெயைப் பொறுத்தவரை, எண்ணெய்த் தட்டைத் திறந்து வடித்தால் ஏறத்தாழ பாதிதான் வெளிவரும், மீதி பெரும்பாலும், எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். ஆகவே முதல் முறை வடிக்கும்போதே நிறம் தெளிந்துவிடும் என எதிர்பார்க்கக் கூடாது. கருகிய வாடை வீசும் பெட்டியில் இயந்திரம் வைத்து முழுவதும் கழுவுவதை நான் தவிர்ப்பேன், ஆனால் இது பலரும் கைக்கொள்ளும் எச்சரிக்கையே தவிர என் சொந்த அனுபவமன்று. சிவிடி (படிப்படியான கியர்கள் இல்லாத ஆட்டோமேட்டிக்), இரட்டைக் கிளட்ச் வகைகளுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன்.

எண்ணெய்த் தட்டில் உலோகத் துண்டுகள் கிடந்து, மின் இணைப்பைக் கழற்றிய நிலையிலும் கியர் வழுக்கினால் மாற்றுவதே சரி. அப்படி மாற்றுவதானாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் குளிர்விப்பானை முதலில் பார்த்துவிட வேண்டும். அதில் ஓட்டை விழுந்து குளிர்நீரும் எண்ணெயும் கலந்திருந்தால், எண்ணெய்த் தட்டில் இளஞ்சிவப்புப் பால்போன்ற நிறம் தெரியும். அதைச் சரிசெய்யாமல் பொருத்தும் பெட்டி எவ்வளவு நல்லதாயினும் அதே கதிக்கு ஆளாகும்.