கொப்பியா, அட்டையா, ரன்னிங் சார்ட்டா: லொறிச் சாரதியின் நேரத்தை எது பிடிக்கும்?

கொழும்பில், பழைய சோனகத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு போக்குவரத்துக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏழு லொறி, கன்டெய்னர் இழுக்கிற பிரைம் மூவர் இரண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு ரன்னிங் சார்ட் உண்டு. புறப்பட்டபோது மீற்றர், திரும்பியபோது மீற்றர், போன ஊர், ஏற்றிய சாமான், அடித்த டீசல், கையெழுத்து. மாதக் கடைசியில் அதையெல்லாம் கூட்டி, எந்த லொறி லீற்றருக்கு எவ்வளவு ஓடியது என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். டீசல் கொஞ்சம் பிசகினாலும் கேள்வி வரும். ஓட்டியவர் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்பதற்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. பல வருடமாக அதை நிரப்பி வருகிற எனக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

தோன்ற வைத்தது குடும்ப வட்ஸ்அப் அழைப்பு ஒன்று. மெல்பேர்ணில் மச்சான், ரொறன்ரோவில் சித்தப்பா மகன், லண்டனில் பெரியம்மா மகன். மூன்று பேரும் லொறி ஓட்டுகிறார்கள். மச்சான் ஏதோ பேச்சில், "நான் கொப்பி எழுதிற நாள்தான் எனக்குப் பெரிய தலையிடி" என்றான். ரொறன்ரோக்காரன் சிரித்தான்: "கொப்பியா? எங்களுக்கு அதை டப்பா எழுதும்." வண்டியில் பூட்டிய மின்னணுப் பதிவுக் கருவியைத்தான் டப்பா என்கிறான். லண்டன் அண்ணா மட்டும், "எப்ப எழுதுறது என்ற கேள்வியே எனக்கு இல்லை, தம்பி. அட்டையைச் செருகாமல் வண்டியை எடுக்கேலாது" என்றார். அந்த எப்போது என்ற கேள்விதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. மூன்று நாடும் அதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில்களை எங்கள் கடையின் லொறிகள்மேல் வைத்துப் பார்த்தால் சில வேடிக்கைகள் தெரியும்.

அவுஸ்திரேலியாவில் முதல் சல்லடை எடை. மொத்த எடை 12 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிதான் களைப்பு விதிகளுக்குள் வரும். இரண்டாவது தூரம். சாரதியின் தளத்திலிருந்து 100 கிலோமீற்றர் ஆரத்தைத் தாண்டி வேலை செய்தால், வேலை நேரமும் ஓய்வு நேரமும் எழுதுகிற வேலைக் கொப்பி கட்டாயம். தாண்டிய நாளில் தாண்டிய துண்டை மட்டும் எழுதினால் போதாது, முழு நாளையும் எழுத வேண்டும். வழமையான நேர அளவை விட்டு, கூடுதல் மணித்தியாலம் ஓட அனுமதி தருகிற திட்டத்தில் ஓடுகிறவர் என்றால், 100 கிலோமீற்றருக்குள் நின்றாலும் கொப்பி வேண்டும். கடந்த 28 நாள் பதிவைக் கையோடு வைத்திருக்கவும் வேண்டும். இது குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு அவுஸ்திரேலியா, தஸ்மேனியா, கன்பரா ஆகிய இடங்களின் சட்டம். மேற்கு அவுஸ்திரேலியாவும் வடக்குப் பிரதேசமும் தனி வழி.

கனடாவில் மத்திய அரசு விதிப்படி எடைச் சல்லடை 4,500 கிலோ. தூரம் 160 கிலோமீற்றர். அந்த ஆரத்துக்குள் ஓடி, அன்றைக்கே தளத்துக்குத் திரும்பி, குறைந்தது 8 மணித்தியாலம் தொடர்ந்து ஓய்வெடுக்க விடுவிக்கப்படுகிறவர் நாட்பதிவு எழுதத் தேவையில்லை. அமெரிக்கா இன்னும் தாராளம். 2020 செப்டெம்பரில் 100 வான்மைலை (நேர்கோட்டில் அளக்கிற கடல்மைல்) 150 ஆக்கினார்கள், ஏறக்குறைய 278 கிலோமீற்றர். ஆனால் 14 மணித்தியாலத்துக்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும்.

பிரித்தானியாவும் ஐரோப்பாவும் வட்டமே போடவில்லை. 3.5 தொன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டியா, தக்கோகிராப் வேண்டும். ஓட்டத்தையும் ஓய்வையும் பதிகிற கருவி அது, அண்ணா செருகுகிற அட்டை அதற்குத்தான். சில விதிவிலக்குகள் உண்டு, அவற்றில் ஒன்றிரண்டில் 100 கிலோமீற்றர் ஆரமும் வருகிறது. ஆனால் கூலிக்குச் சரக்கு ஏற்றும் சாதாரண லொறிக்கு அதெல்லாம் எட்டாது.

சரி, கடைச் சுவரில் இலங்கை வரைபடம் ஒன்று தொங்குகிறது. மகளின் கவராயத்தைக் கொண்டுவந்து, கொழும்பில் ஊசியைக் குத்தி, 100 கிலோமீற்றருக்கு ஒரு வட்டம் போட்டேன். கண்டி உள்ளே விழுந்தது, நேர்கோட்டில் 95 கிலோமீற்றர் அளவு. ஹட்டன் தாராளமாக உள்ளே. நுவரெலியா கோட்டின்மேலேயே குந்திக்கொண்டது. காலி நகரம் வெளியே!

எங்கள் சாரதிகளில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், காலி ஹயர் என்றால் அது ஓய்வு மாதிரி. அதிவேகப் பாதையில் ஏறினால் நேரே போய் இறங்கலாம். ஹட்டனுக்கு அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏற வேண்டும். மழைக் காலத்தில் பனிமூட்டமும் சேர்ந்துகொண்டால், ஏற்றிய சாமானோடு எதிரே வருகிற பஸ்ஸுக்கு இடம் விட்டுப் போவதற்குள் தோள்மூட்டு கழன்றுவிடும். அவுஸ்திரேலிய விதியின் கண்ணில் காலிக்குப் போனவர் கொப்பி எழுத வேண்டிய தூரச் சாரதி, ஹட்டனுக்குப் போனவர் உள்ளூர்க்காரர். நேர்கோட்டு வட்டம் சமதரையான பெரிய நாட்டுக்காக யோசிக்கப்பட்டது. அங்கே 100 கிலோமீற்றர் என்றால் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். இங்கே மலைக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

கனடாவின் 160ஐப் போட்டால் பதுளையும் உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்காவின் 278ஐப் போட்டபோது சிரித்தே விட்டேன். திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியா எல்லாம் வட்டத்துக்குள். யாழ்ப்பாணமும் அதையொட்டிய வடமுனையும் தவிர தீவே உள்ளூர்! ஆனால் அமெரிக்க விதியின் புத்திசாலித்தனம் வட்டத்தில் இல்லை, அந்த 14 மணித்தியாலத்தில் இருக்கிறது. மட்டக்களப்புக்குச் சாமான் கொண்டுபோய் இறக்கி, 14 மணித்தியாலத்துக்குள் கொழும்புக்கு ஒருவர் திரும்பி வரட்டும் பார்க்கலாம். வர முடியாது. வராவிட்டால் சலுகையும் போய்விடும். தூரம் விட்ட ஓட்டையை நேரம் அடைக்கிறது.

எடைச் சல்லடையிலும் இதே கதைதான். எங்களிடம் டிமோ பட்டா என்ற குட்டி லொறி ஒன்று இருக்கிறது. புறக்கோட்டைக் கடைகளுக்குப் பெட்டி பெட்டியாக ஓடும். அது எந்த நாட்டுச் சல்லடையிலும் நிற்காமல் கீழே விழுந்துவிடும், அது நியாயமும்கூட. ஆனால் எல்ஃப் ரக ஆறு சில்லு லொறி? புத்தளம், அனுராதபுரம், வவுனியா வழியாக யாழ்ப்பாணத்துக்கு 400 கிலோமீற்றர், பெரும்பாலும் இரவோட்டம். அவுஸ்திரேலியாவின் 12 தொன்னுக்குள் அது அடங்கிவிடுவதால் அந்தக் கொப்பி அதன் சாரதியைக் கேட்காது. பத்துச் சில்லு லொறிக்காரர் அதே பாதையில் பின்னால் வந்தால் அவர் மட்டும் எழுத வேண்டும். தூக்கம் இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வரும், விடியற்காலை மூன்று மணிக்கு, மதவாச்சிக்குக் கிட்ட. இந்த விஷயத்தில் ஐரோப்பாவின் 3.5 தொன்தான் எங்கள் நிலைமைக்குப் பொருந்துகிறது.

மச்சான் அன்றைக்குச் சொன்ன ஒன்றை இங்கே திருத்த வேண்டும். "100க்குள்ள என்றால் ஒன்றும் எழுதத் தேவையில்லை" என்றான். அது சாரதியின் பக்கம் மட்டும் உண்மை. உள்ளூர் ஓட்டத்தில் கொப்பி இல்லாவிட்டாலும், அவருடைய வேலை நேரத்தையும் ஓய்வு நேரத்தையும் கம்பனி பதிந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். கனடாவிலும் அப்படித்தான், அங்கே ஆறு மாதம். வட்டத்துக்குள் சலுகை சாரதியின் பேனாவுக்குத்தான், முதலாளியின் மேசைக்கு இல்லை. என்னைக் கேட்டால் மூன்று நாட்டு விதியிலும் நாங்கள் முதலில் எடுக்க வேண்டியது இந்தச் சின்னத் துண்டைத்தான். கருவி வாங்கத் தேவையில்லை, கவராயம் தேவையில்லை. ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் போதும்.

மணிக்கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவுஸ்திரேலியாவில் வழமையான அளவில் தனியாக ஓட்டுகிறவர் 24 மணித்தியாலத்தில் 12 மணித்தியாலம் வேலை செய்யலாம். 7 மணித்தியாலம் தொடர்ச்சியாக, வண்டி அசையாமல் நிற்க, ஓய்வெடுக்க வேண்டும். கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், ஆனால் வேலை மொத்தம் 14க்கு மேல் போகக்கூடாது. லண்டன் அண்ணாவுக்கு ஓட்டம் 9 மணித்தியாலம், வாரத்தில் இரண்டு நாள் 10. நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். எண்களை மட்டும் பார்த்தால் ஐரோப்பா கடுமை, கனடா இளக்கம் என்று தோன்றும். அது கொஞ்சம் ஏமாற்றுகிற தோற்றம். ஒருவர் ஓட்டத்தை எண்ணுகிறார், இன்னொருவர் வேலையை எண்ணுகிறார்.

கொழும்புக்கு அதுதான் பெரிய வித்தியாசம். எங்கள் பிரைம் மூவர்களின் உலகம் துறைமுக வாசல், ஒருகொடவத்தை, பேலியகொட. ஒரு நாளில் 40 கிலோமீற்றர் ஓடினால் அதிகம். எந்த வட்டம் போட்டாலும் அவர்கள் நடு மையத்தில் நிற்பார்கள். ஆனால் கன்டெய்னர் வரிசையில் இரவு முழுக்க நிற்பது அவர்கள்தான். ரன்னிங் சார்ட்டில் அது 38 கிலோமீற்றர் என்று ஒரு வரியில் முடிந்துவிடும். முதலாளி அதைப் பார்த்து "இண்டைக்கு லேசான வேலை" என்பார்.

வரிசையில் நிற்பதை எது எப்படி எண்ணும் என்று மூவரையும் கேட்டேன். அவுஸ்திரேலியச் சட்டம் இதில் அழகாகப் பேசுகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கச் சாரதி ஆசனத்தில் உட்கார்ந்திருந்தால் அது வேலை. ஏற்றுவது, இறக்குவது, டீசல் அடிப்பது, கொப்பி எழுதுவதுகூட வேலை. தக்கோகிராப்பில் சில்லு நின்றதும் அது தானாகவே இரட்டைச் சுத்தியல் குறிக்கு, அதாவது 'வேறு வேலை'க்கு, மாறிவிடும். கட்டில் குறியைச் சாரதி தானே அமத்த வேண்டும். "நித்திரை என்று நான் சொன்னால்தான் அது நம்பும்" என்றார் அண்ணா. கனடாவின் டப்பா மணிக்கு 8 கிலோமீற்றரைத் தொட்டதும் 'ஓட்டம்' என்று எழுதத் தொடங்கும். எங்கள் துறைமுக வரிசை 8 கிலோமீற்றரைத் தொடுமா? அங்கே டப்பா தானாக ஒன்றையும் பிடிக்காது. வேலையில் இருக்கிறேன் என்று சாரதிதான் சரியாகக் குறிக்க வேண்டும்.

காகிதமா, கருவியா என்பதில் எனக்கு ஒரு பக்கச்சாய்வு இருக்கிறது, காகிதத்தில் சோறு தின்கிறவன். அவுஸ்திரேலியாவில் இரண்டும் நடக்கிறது. 2020 டிசம்பரிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட மின்னணுக் கொப்பியும் உண்டு, ஆனால் கட்டாயமில்லை. காகிதத்தில் நேரம் 15 நிமிடத் துண்டாக எண்ணப்படும். வேலையென்றால் மேல்நோக்கி, ஓய்வென்றால் கீழ்நோக்கி. 14 நிமிடம் தேநீர் குடித்தால் ஓய்வு பூச்சியம்! மின்னணுக் கொப்பி நிமிடத்துக்கு நிமிடம் எண்ணும். அந்த வகையில் நேர்மையான சாரதிக்குக் கருவிதான் லாபம். மறுபுறம், கனடா 2021 ஜூனில் டப்பாவைக் கட்டாயமாக்கி, 2023 ஜனவரியிலிருந்து முழுதாக அமுல்படுத்தியது. பேனாவால் இரண்டு மணித்தியாலத்தை விழுங்குகிற வித்தை அதோடு கஷ்டமாகிப்போனது. எங்கள் ரன்னிங் சார்ட் மாதக் கடைசியில் ஒரே நீல மையில், ஒரே சாய்வில் நிரம்பி வருவதைப் பார்க்கிற எனக்கு அந்த வித்தையைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே என் தெரிவு கலப்படம். எடை ஐரோப்பாவினுடையது, வேலை எது என்பது அவுஸ்திரேலியாவினுடையது, வட்டம் வேண்டவே வேண்டாம், அதற்குப் பதிலாக அமெரிக்காவின் 14 மணித்தியாலம். கருவி வருகிறபோது வரட்டும். இதை முதலாளியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. போன மாதச் சார்ட்டை ஃபோட்டோகொப்பிக்குக் கொடுக்கும் முன், டீசல் கட்டத்தைக் கொஞ்சம் ஒடுக்கி, பக்கத்தில் இரண்டு கட்டம் கீறினேன். 'படுத்த நேரம்', 'எழும்பிய நேரம்'.

முதல் வாரம் எல்லோரும் அதை வெறுமையாகவே விட்டார்கள். எங்கள் மூத்த பிரைம் மூவர் சாரதி மட்டும், ஹட்டன் பக்கத்து மனிதர், ஐம்பது தாண்டியவர், நிரப்பிக் கொடுத்தார். படுத்த நேரம் என்ற இடத்தில் 1.10. எழும்பிய நேரம் என்ற இடத்தில் 1.40, 2.15, 2.35, 3.20 என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கட்டத்தைத் தாண்டி, கையெழுத்துப் போடுகிற இடம் வரைக்கும் வந்திருந்தது.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வரிசை நகர்றப்பல்லாம் எழும்பணும்ல தம்பி. எதை எழுதறதுன்னு தெரியல, எல்லாத்தையும் எழுதிட்டேன். கட்டத்தைக் கொஞ்சம் பெருசாப் போடுங்க."