லண்டன் குளிரில் தொட்டியில் பே லாரல்: சில வருடம் வளர்த்துப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிரியாணிக்குப் போடும் பிரிஞ்சி இலை இனி வீட்டிலேயே கிடைக்கும் என்ற நினைப்பில் இந்தச் செடியை வாங்காதீர்கள். இங்கே நர்சரிகளில் ‘பே’ என்று விற்பது லாரஸ் நோபிலிஸ், மத்தியதரைக் கடல் பக்கத்து மரம். நம் மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைப்பது பெரும்பாலும் சின்னமோமம் தமாலா, அதாவது பட்டை மரத்தின் உறவுக்காரன். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தெரியும். பிரிஞ்சி இலையில் காம்புப் பக்கத்திலிருந்து மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடும், லாரல் இலையில் நடுநரம்பு ஒன்றுதான், அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்னதாகக் கிளை பிரியும். பிரிஞ்சி இலையில் பட்டை, கிராம்பு வாசம். லாரலைக் கசக்கினால் யூகலிப்டஸ் தைலத்தை முகர்ந்த மாதிரி இருக்கும், ஏனென்றால் லாரலிலும் யூகலிப்டஸிலும் சினியோல் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. பிரியாணியில் போட்டும் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் அந்த வாசம் வரவில்லை, அவ்வளவுதான்.

பின்னே எதற்கு வைத்திருக்கிறேன் என்றால், வடக்கு லண்டனில் வருடம் முழுக்க வெளியிலேயே நின்று பச்சை இலை கொடுக்கிற சமையல் செடி வேறு எத்தனை இருக்கிறது? கறிவேப்பிலையை அக்டோபரிலேயே வீட்டுக்குள் தூக்கி வைத்து, ஜன்னலோரம் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொண்டாலும் ஜனவரியில் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். லாரலுக்கு அந்தப் பாடு எதுவும் வேண்டாம்.

குளிர் பற்றி இங்கே வீணாகப் பயமுறுத்துவார்கள். இங்கத்திய தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியின் கணக்கில் இது எச்4, அதாவது மைனஸ் 5 முதல் மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும் வகை. ஆனால் தரையில் நடும் செடிக்கும் தொட்டிச் செடிக்கும் வித்தியாசம் உண்டு, தொட்டியில் குளிர் நாலாபக்கமும் வேரைப் பிடிக்கிறது. அதனால் உறைபனி வரும் வாரங்களில் தொட்டியைத் தெற்கு பார்த்த சுவரோரம் தள்ளி, சுற்றிலும் பபிள் ரேப் கட்டிவிடுகிறேன், செடியை மூடுவதில்லை. உண்மையில் பனியைவிடத் தொல்லை கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றுதான், இலை ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரிப் பழுப்பாகிவிடும். பார்க்கச் சகிக்காது, ஆனால் வசந்தத்தில் புதுத் துளிர் வந்துவிடும்.

செடி சாவது பெரும்பாலும் தண்ணீரால்தான் என்பது என் கருத்து. வேர் ஈரத்திலேயே ஊறினால் இலையில் பழுப்புப் புள்ளி விழும், கீழ் இலைகள் மஞ்சளாகி உதிரும். குளிர்காலத்தில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கக் கூடாது, தொட்டியைச் சின்னக் கால்கள் மீதோ செங்கல் துண்டுகள் மீதோ ஏற்றி வைத்தால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். மண்ணுக்கு, இங்கே கடைகளில் கிடைக்கும் ஜான் இன்னஸ் 3-ஆம் எண் தொட்டி மண் கலவையோடு கொஞ்சம் பருக்கைக் கல் சேர்க்கிறேன், கனமான கலவை என்பதால் காற்றுக்குத் தொட்டி சாயாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வசந்தத்தில் ஒரு சுற்றுப் பெரிய தொட்டிக்கு மாற்றினால் போதும். கோடையில் மட்டும் மேல் மண் காய்ந்ததும் தவறாமல் ஊற்ற வேண்டும்.

பூச்சி வரும், அதையும் மறைக்கத் தேவையில்லை. ‘பே சக்கர்’ என்று இங்கே சொல்லும் ஒன்று கோடையில் இலை ஓரத்தைச் சுருட்டித் தடிப்பாக, மஞ்சளாக ஆக்கும், பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சுபோல் குஞ்சுகள். அசிங்கமாக இருக்குமே தவிர செடியைக் கொல்லாது, அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டால் சரி. செதில் பூச்சிதான் எனக்குப் பிடிக்காதது. இலையின் அடியில் நரம்போடு ஒட்டிக்கொண்டு தேன் மாதிரிப் பிசுக்கைக் கழிக்கும், அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து இலையே கரி பூசினாற்போல் ஆகிவிடும். சாப்பிடும் இலை என்பதால் மருந்தெல்லாம் அடிப்பதில்லை, சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவுகிறேன். பொறுமையைச் சோதிக்கிற வேலை. செடியில் எறும்பு ஏறி இறங்கினால் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அனேகமாக அங்கே இது இருக்கும்.

சமையலுக்கு வருவோம். பறித்த உடனே போட்டால் கசப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு சைப்ரஸ் பாட்டியம்மா சொன்னபடி இரண்டு காகிதத்துக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, நிழலில் காயவிடுகிறேன், சுருளாமல் தட்டையாகக் காயும், கசப்பும் அடங்கும். முற்றிய கரும்பச்சை இலையாகப் பார்த்துப் பறிக்க வேண்டும், துளிரில் வாசம் போதாது. கடையில் வாங்கும் வெளிறிய இலையோடு ஒப்பிட்டால் இதில் பாதி போட்டாலே போதுமானது. ராஜ்மா, வெள்ளைக் கொண்டைக்கடலை வேகவைக்கும்போது ஒன்று, தக்காளி சூப்பில் ஒன்று, ஆட்டுக்கறியைக் குக்கரில் வைக்கும்போது ஒன்று. சாம்பார், ரசத்துக்கு ஒத்துவராது, பெருங்காயத்தோடு சண்டை போடுகிறது. எனக்கு அதிகம் பிடித்தது பாலில்தான். இங்கத்திய பழைய சமையலில் கஸ்டர்டுக்கும் அரிசி புட்டிங்குக்கும் பாலில் இந்த இலையைப் போட்டுக் காய்ச்சுவது உண்டு. அதே மாதிரி பால் பாயசத்தில் ஏலக்காயைக் குறைத்து ஒரு இலை போட்டுப் பார்த்தேன், வீட்டில் யாருக்கும் என்னவென்று பிடிபடவில்லை, ஆனால் பாத்திரம் காலி. எதில் போட்டாலும் பரிமாறும் முன் எடுத்துவிடுங்கள், எவ்வளவு வெந்தாலும் இலை மெத்தென்று ஆகாது, தொண்டையில் குத்தும்.

இன்னொன்று, இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. இங்கே வேலிக்கு நடும் செர்ரி லாரல் பெயரிலும் இலையிலும் இதற்கு அண்ணன் தம்பி மாதிரித் தெரியும், ஆனால் அது விஷம், கசக்கினால் கசப்புப் பாதாம் வாடை வரும். தெருவோரத்தில் பறித்து வந்து குழம்பில் போடுகிற வேலை வேண்டவே வேண்டாம், பெயர்ச்சீட்டுள்ள செடியாக நர்சரியில் வாங்குங்கள்.

வாங்கும்போது உருண்டைத் தலையும் முறுக்கிய தண்டுமாக வாசலில் வைக்கும் அலங்காரச் செடிக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அந்த உருவத்துக்குத்தான் விலை. மூலிகைப் பகுதியில் சின்னத் தொட்டியில் வைத்திருக்கும் கன்றே போதும். மெதுவாகத்தான் வளரும், முதல் வருடம் பறிக்காமல் விடுங்கள், அப்புறம் கோடையில் நுனியைக் கவாத்து செய்தால் பக்கக் கிளை வரும், வெட்டிய கிளையே அந்த வருடத்துக்கான இலை.