எட்டாம் வகுப்பை மறுபடி படிக்கவைக்கும் விளையாட்டுப் பள்ளி: ஒரு மதிப்பீடு

டல்லாஸ் புறநகரில் உள்ள இந்தத் தனியார் பள்ளி, எட்டாம் வகுப்பில் தேறிய பிள்ளைகளை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு இருத்தி, கூடைப்பந்துக்குத் தயார் செய்கிறது. என் தங்கை மகன் அங்கே படித்து முடித்திருக்கிறான். அவனைக் கொண்டுவிடவும் அழைத்துவரவும் பெரும்பாலும் நானே சென்றதால், பள்ளியை அருகிலிருந்து பார்க்க முடிந்தது.

எட்டாம் வகுப்பைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு, கல்லூரி ஆட்டத்தின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஆட விரும்புவோர் 16 அடிப்படைப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்கிறது; அதற்கான எட்டுப் பருவங்கள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த பிறகே எண்ணப்படுவதால், அதற்கு முன் தங்கும் ஆண்டு கணக்கில் வராது. பையன்கள் கிடுகிடுவென உயரும் 13, 14 வயதில் ஓராண்டு மூத்தவனாக இருப்பது பெரிய பலம் என்று பெற்றோர் நம்புகிறார்கள்.

உடற்பயிற்சியில் குறை சொல்ல இடமில்லை. மாதந்தோறும் ஒவ்வொரு பிள்ளையையும் நிற்கவைத்து ஒருமுறை, பெட்டிமேல் உட்காரவைத்து ஒருமுறை என உயரம் அளந்து, காலும் உடலும் வளரும் விதத்தைக் கொண்டு வளர்ச்சி எப்போது உச்சத்தைத் தொடும் என்று கணிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே வலிக்கிறது என்று எங்கள் பையன் சொன்ன அன்றே, பயிற்சியாளர் குதிக்கும் பயிற்சிகளை நிறுத்திவிட்டுப் பந்தைக் கையாளும் பயிற்சிக்கு அவனை மாற்றினார். அக்கறையான மனிதர்.

படிப்புதான் ஏமாற்றம். முந்தைய ஆண்டு போட்ட அதே சமன்பாடுகள் திரும்ப வர, தாளைச் சில நிமிடங்களில் முடித்துவிட்டு மணியடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருப்பான். அடுத்த நிலைக் கணக்கு கேட்டும் தரவில்லை.

என்னை மிகவும் வருத்தியது, சேர்க்கையின்போது சொல்லாமல் விட்ட செய்தி. டெக்சஸ் அரசுப் பள்ளிகளின் போட்டிகளை நடத்தும் யுஐஎல் விதிப்படி, விளையாட்டுக்காக ஏழாம் அல்லது எட்டாம் வகுப்பில் ஓராண்டு நிறுத்தப்பட்ட மாணவர், உயர்நிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டில் ஆடும் தகுதியை இழக்கிறார். உடல் முதிர்ந்து, ஆட்டமும் கைவந்திருக்கும் அந்தக் கடைசி ஆண்டுக்காகத்தானே குடும்பங்கள் இவ்வளவு செலவழிக்கின்றன? அரசுப் பள்ளிப் பயிற்சியாளர் ஒருவர் சொல்லித்தான் தங்கைக்கு இது தெரியவந்தது.

டல்லாஸ் மாவெரிக்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணி, 2025 இல் புது வீரர்கள் தேர்வில் முதல் தெரிவாக எடுத்த கூப்பர் ஃபிளாக், ஓராண்டு முன்னதாகவே உயர்நிலைப் பள்ளியை முடித்து டியூக் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். மூத்தவர்களோடு மோதி வளர்வதும் ஒரு வழி என்பதைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சி தாமதமாகி, தனியார் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வதென்று முடிவான பிள்ளைக்கு, பயிற்சியின் தரத்துக்காக இதைப் பரிந்துரைப்பேன். அரசுப் பள்ளிக்குத் திரும்பும் பிள்ளைக்கு வேண்டாம். தனியார் பள்ளிகளுக்கும் வயது வரம்புகள் உண்டு என்பதால், சேரப்போகும் பள்ளியின் விளையாட்டுப் பொறுப்பாளரிடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டுங்கள். இங்கே அது திரும்பக் கிடைக்காது.