டிவிடி பிளேயரா, புளூ-ரே பிளேயரா?

கையில் இருப்பதெல்லாம் டிவிடி, டிவியும் சின்னது என்றால் டிவிடி பிளேயரே போதும். பெரிய டிவி என்றால் கதை வேறு. இரட்டை அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபிதான் அடங்கும். புளூ-ரேயில் 50 ஜிபி. இருட்டான காட்சிகளில் டிவிடி கட்டம் கட்டமாகச் சிதறும் இடத்தில் புளூ-ரேயில் தலைமுடி இழைகூடத் தெரியும். அதோடு, புளூ-ரே பிளேயர் பழைய டிவிடியையும் ஓட்டும். டிவிடி பிளேயரில் புளூ-ரே ஓடாது. என் ஓட்டு புளூ-ரேக்குத்தான். என்ன, டிஸ்க்கைப் போட்டதும் கொஞ்சம் காக்க வைக்கும்.

அப்புறம், ரீஜன் கோடு. அதாவது, ஒரு பகுதி நாடுகளுக்கான டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி போடும் பூட்டு. டிவிடிக்கு 1 முதல் 6 வரை எண்கள், புளூ-ரேக்கு ஏ, பி, சி. புளூ-ரே பிளேயரில் பெரும்பாலும் இரண்டு பூட்டும் இருக்கும். வெளிநாட்டு டிஸ்க் வைத்திருப்பவர்கள் வாங்கும் முன்பே இரண்டையும் பார்த்துவிடுங்கள்.